அரிசிக்கும் பெயருண்டு

இத்தாலிய உணவுச்சாலைகளைப் பற்றி நம் ஆசிரியர் அறைகளிலும் இலக்கிய வட்டங்களிலும் இப்பொழுது ஒரு வழக்கு நடக்கின்றது. ஒரு காலத்திலே கொழும்பில் மாத்திரம் இருந்த அவை கண்டி போன்ற மலைநாட்டு நகரங்களுக்கும் வந்துவிட்டன. பீட்சா, பாஸ்தா, ரிசோத்தோ என்னும் பெயர்களைப் பத்து வயதுப் பிள்ளைகளும் பிழையின்றிச் சொல்லுகின்றனர். இது கண்டு நம்மவர் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றனர். "கூழும் பிட்டும் தின்று வளர்ந்த நாவுக்கு இந்தப் பாற்கட்டி எதற்கு? பண்பாடு பாழாகின்றது" என்பது ஒரு கட்சி. "காலம் மாறிவிட்டது, உலகம் உண்பதை நாமும் உண்டால் என்ன?" என்பது மறுகட்சி.

இரு கட்சியாரும் தட்டிலே இருப்பதைப் பற்றியே பேசுகின்றனர். தட்டு வருமுன்னர் நம் கையிலே ஒரு பட்டியலைத் தருகின்றனர் அல்லவா? அதனை இரு கட்சியாரும் நின்று படித்ததாகத் தெரியவில்லை. என் கருத்திலே, அந்த உணவுச்சாலையிலே நாம் கற்கவேண்டிய பாடம் தட்டிலே இல்லை; பட்டியலிலே இருக்கின்றது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிலே பழைமைக் கட்சியாருக்கு ஒரு சொல். விலை கொடுத்து வெளியிலே வாங்கி உண்பது தமிழர்க்குப் புதிதன்று. மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியிலே கூடல் நகரத்துக் கடைத்தெருவைக் காட்டும்பொழுது, அடையும் மோதகமும் விற்றுக் களைத்து, இரவிலே இருந்தபடியே கண்ணயரும் கூவியரையும் காட்டுகின்றார். கூவியர் என்பார் அப்ப வாணிகர். விற்பவர் அத்துணைக் களைத்தனர் என்றால் வாங்கி உண்டவர் எத்துணைப் பேர் என்பதை நாமே எண்ணிக்கொள்ளலாம். அவ்வாறு உண்ட மதுரை மாந்தர் பண்பாடு கெட்டனர் என்று எந்த உரையாசிரியரும் எழுதிவைக்கவில்லை.

பிறநாட்டுப் பண்டம் என்பதும் பெரிய குற்றமன்று. நாம் காலையிலே உண்ணும் பாணின் பெயர் போர்த்துக்கேயர் வாய்ச்சொல். சங்கப் பாணனுக்கும் அந்தப் பாணுக்கும் யாதோர் உறவுமில்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தது. அது வருமுன் நம் அடுக்களையை ஆண்டது மிளகு. ஆகையினாலேதான் வந்த புதியவனுக்கும் பழைய அரசன் பெயரை ஒட்டி மிளகாய் என்று பெயரிட்டோம். இத்தாலியர் கதையும் ஏறக்குறைய இதுவே. அவர் சமையலின் உயிர் என்று நாம் எண்ணும் தக்காளி, மிளகாய் வந்த அதே கண்டத்திலிருந்து பதினாறாம் நூற்றாண்டிலே அங்கே போய்ச் சேர்ந்தது. அதற்கு முன்னும் இத்தாலியர் உண்டனர். மிளகாய்க்கு முன்னும் தமிழர் உண்டனர். எந்த நாட்டு அடுப்பும் தனியே எரிந்ததில்லை.

இனிப் புதுமைக் கட்சியார். "நாம் இத்தாலி உணவு உண்கின்றோம்" என்று பெருமை கொள்வோர் அது வந்த வழியைச் சிறிது நோக்குதல் நன்று. நம் நகரங்களிலே அதிகம் விற்கும் பீட்சா நேரே இத்தாலியிலிருந்து வந்ததன்று. பீட்சா ஹட் என்னும் நிறுவனம் 1958 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலே பிறந்தது. டொமினோஸ் என்பது 1960 இலே மிச்சிகன் மாநிலத்திலே பிறந்தது. முன்னையது இலங்கைக்கு வந்த ஆண்டு 1993. வழியெல்லாம் வேடம் மாறி, கடைசியிலே கோழிக்கறியும் மிளகாயும் அணிந்து நம்மூர்க்காரனாகவே வந்து நிற்கின்றது அந்தப் பீட்சா. இதிலே பழிக்கவும் ஒன்றுமில்லை; பெருமை பேசவும் ஒன்றுமில்லை.

வந்த வழி இன்னொன்றும் உண்டு. அது மனிதர் நடந்த வழி. இன்று இத்தாலியிலே ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட இலங்கையர் வாழ்கின்றனர். வீட்டுப் பணியிலும் முதியோர் பராமரிப்பிலும் உணவுச்சாலை அடுக்களைகளிலும் அவருட் பலர் உழைக்கின்றனர். மேற்குக் கரையிலே வென்னப்புவ என்னும் ஊரைச் 'சிறிய இத்தாலி' என்றே மக்கள் வேடிக்கையாக அழைப்பர். அத்துணைப் பேர் அங்கிருந்து போயினர். சிசிலித் தீவின் பலெர்மோ நகரிலே ஈழத்தமிழர் ஒரு சமூகமாகவே இருக்கின்றனர். அந்நகரின் காவற் புனிதையாகிய ரொசாலியாவின் மலைக்கோயிலுக்குக் கத்தோலிக்கரோடு சைவரும் ஏறி வழிபடுகின்றனர். அந்நகருக்கு அண்மையிலுள்ள திராபியா என்னும் ஊரிலே மாவை நூலாக இழைத்து உலர்த்திக் கப்பலேற்றினர் என்று அல் இத்ரீசி என்னும் அரபு அறிஞர் 1154 இலே முடித்த நூலிலே எழுதியுள்ளார். இடியப்பம் பிழிந்த கைகள் அந்த ஊர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தமை ஒருவகையிலே பொருத்தமே.

இனிப் பட்டியலுக்கு வருவோம்.

ஓர் இத்தாலிய உணவுச்சாலையின் பட்டியலைக் கையிலெடுத்துப் படியுங்கள். அது விலைப்பட்டியல் போலத் தோன்றும். உண்மையிலே அது ஒரு நாட்டுப்படம். நாப்பொலி முறைப் பீட்சா. பொலொஞ்ஞா முறைக் குழம்பு. ஜெனொவாவின் இலைத் துவையல். மிலான் முறை ரிசோத்தோ. பார்மா ஊர்ப் பாற்கட்டி. சான் மர்சானோ ஊர்த் தக்காளி. இவ்வாறு பண்டந்தோறும் ஓர் ஊர் நிற்கும். உண்பவன் அந்த ஊர்களைக் கண்டிருக்க வேண்டியதில்லை. உண்டு எழும்பொழுது அவன் நாவிலே பத்து ஊர்ப் பெயர்கள் ஏறியிருக்கும்.

இந்த முறையைப் படித்தபொழுது எனக்கு ஆற்றுப்படை நினைவுக்கு வந்தது. பரிசில் பெற்று மீளும் பாணன், வறிய பாணனுக்கு வழி சொல்லுகின்றான். வெறும் வழியை மாத்திரமா சொல்லுகின்றான்? இந்த நிலத்திலே போனால் எயினர் இது தருவர். முல்லை நிலத்திலே கோவலர் இது தருவர். மருதத்திலே உழவர் இது தருவர். நெய்தலிலே பரதவர் இது தருவர் என்று நிலத்தையும், மாந்தரையும், அவர் தரும் உணவையும் ஒன்றாகச் சேர்த்தே சொல்லுகின்றான். உணவைச் சொன்னால் நிலத்தைச் சொல்லவேண்டும். நிலத்தைச் சொன்னால் உழைத்தவனைச் சொல்லவேண்டும். இது நம் புலவர் கண்ட முறை. இத்தாலியர் பட்டியலும் ஏறக்குறைய இம்முறையிலேயே நடக்கின்றது. அவர் நம்மிடம் கற்றனர் என்று நான் சொல்லவில்லை. நாம் மறந்ததை அவர் மறவாமல் வைத்திருக்கின்றனர் என்றே சொல்லுகின்றேன்.

எல்லாவற்றையும் விட என் கண்ணைப் பிடித்தது அவர் அரிசி. இத்தாலி கோதுமை நாடு என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகள் விளைக்கும் நெல்லிலே பாதியளவு இத்தாலியிலேயே விளைகின்றது. வடக்கிலே போ ஆற்றுச் சமவெளியிலே வெர்செல்லி, நொவாரா, பவியா முதலிய ஊர்ப்புறங்கள் நம் மருத நிலம் போலவே நீர் நிறைந்த வயல்கள். அரிசி என்னும் நம் சொல்லே கிரேக்கத்திலே ஒரைசா ஆகி, இத்தாலியிலே ரீசோ ஆயிற்று என்று கால்டுவெல் வழி வந்தோர் சொல்லுவர், மறுப்போரும் உளர். அந்த வழக்கிலே நான் இறங்கவில்லை. சொல் யாருடையதாயினும் ஆகுக. அந்தச் சொல்லுக்கு அவர் செய்த மரியாதையே இங்கே நாம் நோக்கவேண்டியது.

ரிசோத்தோ என்று மாத்திரம் எழுதிவிட நல்ல சமையற்காரன் மனம் ஒப்பான். எந்த அரிசி என்பதையும் சொல்லுவான். ஆர்போரியோ, கர்னரோலி, வியலோனே நானோ என்பன அவற்றின் பெயர்கள். ஆர்போரியோ என்பது வெர்செல்லிப் பக்கத்து ஓர் ஊரின் பெயர். அதன் மணி பருத்தது. வேகும்பொழுது மாப்பசையைக் கசியவிட்டுக் குழம்பைப் பாலேடு போலத் திரளச் செய்யும். கர்னரோலி கிண்டக் கிண்டக் குழையாது. வெரோனாப் பகுதியின் வியலோனே நானோ 1996 இலே ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு பெற்றது. அரிசியை எப்பெயரிட்டு விற்பது என்பதற்கே 1958 இலே இத்தாலியிலே ஒரு சட்டம் செய்தனர். சட்டம் இருந்தும், ஒத்த இனங்கள் சில ஒரு புகழ்பெற்ற பெயருக்குள்ளே மறைந்து விற்கப்பட்டன. அதனாலே 2017 இலே, பெயருக்குரிய இனமாகவே உள்ள அரிசிக்குக் 'கிளாசிக்கோ' என்னும் அடைமொழியைத் தந்தனர். ஓர் அரிசியின் பெயருக்காக ஒரு நாட்டின் சட்டமன்றம் இருமுறை மினக்கெட்டது என்றால், அந்த நாடு சோற்றை எப்படி மதிக்கின்றது என்பது விளங்கும்.

இனி நம் வயலுக்கு வருவோம். மாத்தளை மாவட்டத்தின் கிழக்கெல்லையிலே, நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு அப்பால், மகாவலி கங்கையின் இடதுகரைப் பக்கமாக வில்கமுவ என்னும் பிரிவு உண்டு. மினிப்பே இடதுகரைக் கால்வாய் பாயும் நெல்வயல்கள். அதன் அயலிலே வஸ்கமுவ தேசிய வனம். வனத்திலிருந்து யானைகள் இறங்கும். கதிர் முற்றும் காலத்திலே உழவர் பரணிலே இரவெல்லாம் கண்விழித்திருப்பர். குறிஞ்சித்திணையிலே தினைப்புனம் காத்த காட்சியை வகுப்பிலே விளக்க முயலும் ஆசிரியருக்கு அங்கே உவமை தேடவேண்டியதில்லை. சில ஆண்டுகள் அந்தப் பக்கத்துச் சிங்களப் பிள்ளைகளுக்கு நான் இரண்டாம் மொழியாகத் தமிழ் கற்பித்தேன். நெல்லைப் பற்றி நான் நூலிலே அறியாத பலவற்றை அவர்களின் பெற்றோரிடமே கேட்டறிந்தேன்.

அவர்கள் வாயிலே நெல்லுக்குப் பெயர் உண்டு. பி.ஜி. 352 என்பர், பி.ஜி. 300 என்பர், பி.ஜி. 360 என்பர். எண்ணாக இருக்கின்றதே, இது ஒரு பெயரா என்று தமிழாசிரியர் முகம் சுளிக்கவேண்டா. நன்னூல் படித்தவருக்கு இடுகுறிப்பெயரும் காரணப்பெயரும் தெரியும். இது காரணப்பெயர். பி.ஜி. என்பது பத்தலகொட. குருநாகல் மாவட்டத்திலே 1952 இலே தொடங்கிய நெல்லாராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கின்றது. 35 என்பது மூன்றரை மாதப் பயிர் என்பதைக் குறிக்கும். 2 என்பது அந்த வரிசையிலே அதன் இடம். பிறந்த ஊர், வயது, முறை மூன்றும் ஒரு பெயரிலே அடங்கிவிட்டன. இதைவிடச் செறிவான காரணப்பெயரைப் புலவரும் செய்துவிட முடியாது.

பழைய நெல்லினங்களும் அற்றுப்போகவில்லை. சுவந்தல், களு ஹீனட்டி, மடத்தவாலு என்பன சிங்களப் பெயர்கள். மொட்டைக்கறுப்பன் யாழ்ப்பாணத்தார் விரும்பும் சிவப்பரிசி. பச்சைப்பெருமாள் என்னும் பெயரைத் தமிழ் உழவரும் சொல்லுவர். சிங்கள உழவரும் சிறிது ஒலி திரித்துப் பச்சப்பெருமாள் என்றே சொல்லுவர். அரசியல் மேடையிலே பிரிந்து நின்ற இரு மொழிகள் ஒரு விதைக்கூடையிலே ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கின்றன. பெயரைக் காப்பது எதற்காக என்று கேட்போருக்கு இந்த ஒரு பெயரே விடையாகும்.

வயலிலே பெயருடன் இருக்கும் நெல் எங்கே பெயரை இழக்கின்றது? களத்தைத் தாண்டியவுடனே இழக்கின்றது. 2025 பெப்ரவரியிலே அரசாங்கம் நெல்லுக்கு உத்தரவாத விலை அறிவித்தது. நாட்டு நெல் கிலோ 120 ரூபாய், சம்பா 125, கீரிச் சம்பா 132. எல்லா இனங்களும் இந்த மூன்று சாக்குக்குள்ளே போய்விடவேண்டும். நாட்டு, சம்பா என்பன மணியின் வடிவைக் குறிக்கும் பொதுப்பெயர்கள். 'மனிதன்' என்று அழைப்பது போல. ஆலையிலே குத்திய பின்னர் அதுவும் தேய்ந்து, சாப்பாட்டுக்கடையிலே "வெள்ளைச் சோறா, சிவப்புச் சோறா?" என்ற ஒரு கேள்வி மாத்திரம் மிஞ்சுகின்றது. நிறத்தைக் கேட்கின்றனர்; பெயரைக் கேட்பாரில்லை. சுற்றுலாப் பயணிகளுக்கான பெரிய விடுதிகளிலும் 'சோறும் கறியும்' என்பதோடு பட்டியல் முடிந்துவிடுகின்றது. கறிக்குப் பத்துப் பெயர், சோற்றுக்கு ஒன்றுமில்லை.

வில்கமுவவிலே என்னிடம் தமிழ் படித்த மாணவன் ஒருவன் இப்பொழுது கண்டியிலே ஓர் இத்தாலிய உணவுச்சாலையிலே பரிமாறுகின்றான். ஹசலக்க வழியாகப் பதினெட்டு வளைவுகளையும் ஏறி வந்து, நகரத்திலே அறையெடுத்துத் தங்கி வேலை செய்கின்றான். நண்பர்கள் சிலர் அங்கே என்னை அழைத்துச் சென்றனர். அவன் தமிழ் என் வகுப்புத் தமிழ். ஆகவே சற்று இலக்கணமாகவே இருந்தது.

"சேர், இன்று ரிசோத்தோ நன்றாக இருக்கும். அரிசி ஆர்போரியோ" என்றான்.

"அது எந்த ஊர்?" என்று கேட்டேன்.

"பியெமொந்தே மாகாணம், சேர். ஊரின் பெயர்தான் அரிசிக்கும் பெயர்."

விடை பிழையற்றது. ஆசிரியனுக்கு மகிழ்ச்சி வராமல் இருக்குமா? மேலும் கேட்டேன்.

"உள்ளே வேலை செய்வோருக்கு மத்தியானச் சாப்பாடு என்ன?"

"சோறு, சேர்."

"எந்த நெல்?"

அவன் சிரித்தான். "நாட்டரிசி, சேர். கடையிலே வாங்குவது."

"உன் தகப்பனார் இந்தப் போகம் எதனை விதைத்தார்?"

"விற்பதற்கு பி.ஜி. 352. வீட்டுக்குக் கொஞ்சம் பச்சைப்பெருமாள்."

"உங்கள் பட்டியலிலே அதனையும் எழுதலாமே."

"யார் கேட்கிறார்கள், சேர்?" என்றான் அவன்.

அவன் முறையிடவில்லை, உள்ளதைச் சொன்னான். அவனுக்குத் தந்தையின் நெல்லும் தெரியும். இத்தாலிய நெல்லும் தெரியும். அறியாமை அவனிடத்திலே இல்லை. அவன் அறிந்த இரண்டிலே ஒன்றை மாத்திரமே அந்த மேசையிலே சொல்ல இடமுண்டு. மற்றதைச் சொல்ல இடமில்லை. அங்கே ஒரு தட்டு ரிசோத்தோவின் விலை, அவன் தகப்பனார் விற்கும் நெல்லிலே இருபது கிலோவின் விலைக்கு மேல். விலை வேறுபாட்டுக்குக் காரணம் பல. கப்பற்கூலி உண்டு, தீர்வை உண்டு, நகரத்துக் கட்டட வாடகை உண்டு. ஆயினும் முதற்காரணம் ஒன்று: அந்த அரிசியை உலகம் பெயர் சொல்லிக் கேட்கின்றது. கேட்கப்படும் பொருளுக்கே விலை.

இங்கே மூன்று தடைகள் எழலாம். ஒவ்வொன்றாக நோக்குவோம்.

"பாரம்பரிய நெல்லினங்களுக்குத் திரும்பு என்கிறீர். அவை விளைச்சல் குறைந்தவை, நாடு பட்டினி கிடக்கும்" என்பது முதல் தடை. நான் அவ்வாறு சொல்லவில்லை. பத்தலகொடையிலே பிறந்த இனங்களே இந்நாட்டின் வயிற்றை நிரப்பின. 2021 இலே இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடைசெய்தபொழுது விளைச்சல் எவ்வாறு வீழ்ந்தது என்பதையும், மறு ஆண்டு அரிசிக்குப் பிறநாட்டை எதிர்பார்த்து நின்றதையும் நாம் எல்லாரும் கண்டோம். பழைமை என்னும் ஒரே காரணத்துக்காக ஒன்றைப் போற்றுவது உழவனுக்கு உதவாது. இத்தாலியர் போற்றும் ஆர்போரியோவும் கர்னரோலியும் தொன்மை வாய்ந்தன அல்ல. 1940களிலே நெல்லறிஞர் உருவாக்கிய இனங்கள். நம் பி.ஜி. இனங்களுக்கு ஒரு தலைமுறை மூத்தவை, அவ்வளவே. அவற்றுக்குப் பெருமை வந்தது வயதினாலன்று, பெயரிட்டு அழைத்ததினாலே. ஆகவே பச்சைப்பெருமாளுக்குத் தரும் மரியாதையை பி.ஜி. 352க்கும் தருக என்பதே என் கட்சி.

"பெயர் வந்தால் இலாபம் முதலாளிக்குப் போகும், உழவனுக்கு என்ன கிடைக்கும்?" என்பது இரண்டாம் தடை. இது வலிய தடை. பெயர் மாத்திரம் கூலியை உயர்த்திவிடாது. அதற்கும் இத்தாலியே சான்று. போ சமவெளி வயல்களிலே முழங்கால் நீரிலே நின்று களை பறித்த பெண்களை மொந்தினே என்பர். எட்டு மணி நேர வேலைக்காக அவர்கள் போராடவேண்டியிருந்தது. வெர்செல்லியிலே 1906 இலே அதனை வென்றனர். அவர் துயரத்தை வைத்து 'கசந்த அரிசி' எனப் பொருள்படும் பெயருடைய திரைப்படம் ஒன்றும் 1949 இலே வந்தது. பெயரும் வேண்டும், போராட்டமும் வேண்டும். ஆனால் பெயரில்லாத பண்டத்துக்காகப் பேரம் பேசுவது எவ்வளவு கடினம் என்பதை மூன்று சாக்குக்குள்ளே நெல் அளக்கும் உழவனைக் கேளுங்கள். 'நாட்டு' என்று அளந்தபின் நல்லதும் நாட்டு, நடுத்தரமும் நாட்டு.

"இது நடக்கக்கூடிய காரியமா? நம் நாட்டிலே யார் செய்வார்?" என்பது மூன்றாம் தடை. நடந்த காரியம் ஒன்று இருக்கின்றது. 2022 பெப்ரவரியிலே 'இலங்கைக் கறுவா' ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டைப் பெற்றது. இந்நாட்டுப் பண்டம் ஒன்று அக்குறியீட்டைப் பெற்றது அதுவே முதன்முறை. தமிழ்நாட்டிலே பழனிப் பஞ்சாமிர்தமும் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் 2019 இலே இந்திய நாட்டுக் குறியீடு பெற்றன. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020 இலே பெற்றது. கடலைமிட்டாய்க்கு முடிந்தது சோற்றுக்கு முடியாதா? நம்மிடமும் ஊர்ப்பெயர் சொல்லும் வழக்கம் முற்றாக அற்றுப்போகவில்லை. மட்டக்களப்புத் தயிர் என்கின்றோம். மன்னார்க் கருவாடு என்கின்றோம். மாம்பழக் கடையிலே கறுத்தக்கொழும்பான் இருக்கின்றதா என்று பெயர் சொல்லிக் கேட்கின்றோம். தொட்டுக்கொள்வதற்கும் தின்று முடித்த பின்னர்க் கடிப்பதற்கும் பெயர் உண்டு. நடுவிலே இருக்கும் சோற்றுக்கு மாத்திரம் பெயரில்லை.

ஆகவே, செய்யவேண்டியது பெரிய இயக்கமன்று. உணவுச்சாலை நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் பட்டியலிலே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். 'சோறு: வில்கமுவ பச்சைப்பெருமாள்' அல்லது 'சோறு: மினிப்பே பி.ஜி. 352' என்று எழுத ஒரு வரிக்கு மேல் வேண்டியதில்லை. மூன்று மொழியிலும் எழுதினால் மூன்று வரி. எழுதவேண்டுமாயின் அரிசி எங்கிருந்து வருகின்றது என்று நீங்கள் ஆலைக்காரரைக் கேட்கவேண்டும். ஆலைக்காரர் உழவரைக் கேட்கவேண்டும். அந்தக் கேள்வி மேலிருந்து கீழே இறங்கினால், பெயரும் விலையும் கீழிருந்து மேலே ஏறும். இத்தாலிய உணவுச்சாலைகளே இதனைத் தொடங்கலாம். அரிசிக்குப் பெயர் உண்டு என்பதை நமக்கு நினைவூட்டியவர்கள் அவர்களே அல்லவா?

தமிழாசிரியர்களாகிய நமக்கும் பங்கு உண்டு. முக்கூடற்பள்ளிலே வரும் நெல்வகைகளை நாம் மாணவருக்கு மனப்பாடம் செய்விக்கின்றோம். பரீட்சையிலே எழுதியதும் அவர் மறந்துவிடுகின்றனர். பள்ளு பாடியவன் அந்தப் பெயர்களை ஏட்டிலிருந்து எடுக்கவில்லை, வயலிலிருந்து எடுத்தான். அந்தப் பாடம் நடக்கும் வாரத்திலே ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டிலே, அல்லது அயலிலே, இந்தப் போகம் விதைத்த நெல்லின் பெயரையும், அதன் வயதையும், அதன் சோற்றின் குணத்தையும் கேட்டு எழுதிவரட்டும். தமிழ்ப் பிள்ளையும் எழுதட்டும். இரண்டாம் மொழியாகத் தமிழ் படிக்கும் சிங்களப் பிள்ளையும் எழுதட்டும். ஐவனம், தோரை, செந்நெல் என்னும் சங்ககாலப் பெயர்களுக்குக் கீழே அந்தப் பெயர்களையும் கரும்பலகையிலே எழுதுவோம். பள்ளின் தொடர்ச்சி அதுதான்.

மாணவருக்கு ஒரு சொல். நண்பரோடு போய் ரிசோத்தோ உண்ணுங்கள். உழைத்துத் தேடிய காசிலே நகரத்து மேசையிலே மதிப்போடு அமர்ந்து உண்பது நல்ல காரியமே. முன்னாளிலே எல்லார்க்கும் அது வாய்த்ததில்லை. ஆர்போரியோவின் பெயரை ஒழுங்காக உச்சரிக்கவும் பழகுங்கள். மறுநாள் நம்மூர்ச் சாப்பாட்டுக்கடையிலே சோறு வைக்கும்பொழுது, "இது எந்த நெல், அண்ணை?" என்று ஒருமுறை கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். பத்துப் பேர் கேட்டால் அவர் விசாரிப்பார். நூறு பேர் கேட்டால் எழுதிவைப்பார்.

யானைக்குக் காவலிருந்து, கால்வாய் நீருக்குக் காத்திருந்து, ஒரு மனிதன் விளைத்த நெல்லை நாள்தோறும் உண்கின்றோம். அதன் பெயரைக் கேட்டறிவது அவனுக்கு நாம் செய்யும் மிகச் சிறிய மரியாதை; அதற்குக் காசும் வேண்டியதில்லை.